முதல் ஊசிக்கு முன் கொஞ்சம் ரத்தம் எடுங்கள்

டயாலிசிஸ் பிரிவு மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் வணக்கம்.

நேற்று பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு நடுக்கம் வந்தது. பத்தொன்பது வயது, லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்), கழுத்தில் டயாலிசிஸுக்கான குழாய், அதாவது கதீட்டர். ஆன்டிபயாட்டிக் ஊசி உடனே வந்தது. ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பியின் கோப்பு உங்களிடமே இருக்கிறது, முழுக்கதையும் வேண்டாம். அந்த நடுக்கத்தை மட்டும் சொல்கிறேன். மெஷினில் போட்டு ஒரு மணி நேரம் ஆவதற்குள் பல் தந்தியடிக்கும். இரண்டு போர்வை போர்த்தி நான் காலை அமுக்கிப் பிடித்தாலும் கட்டில் சேர்ந்து ஆடும். வீட்டுக்கு வந்ததும் அடங்கிவிடும். மூன்று வாரத்தில் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு ஊசி, கூடவே "வைரல் காய்ச்சலா இருக்கும், சின்னப் பையன்தானே, தாங்குவான்." வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தாவது தடவை ஒரு மருத்துவர் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கச் சொன்னார். இதய வால்வில் கிருமி குடியேறியிருந்தது. எந்தக் கிருமி என்று பார்த்தால் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. எப்படி வளரும், நான்கு ஊசி போட்ட ரத்தம். ஆள் யாரென்றே தெரியாமல் ஆறு வாரம் மருந்து ஏறியது. இதற்கிடையே வால்விலிருந்து உதிர்ந்த துணுக்கு மூளைக்குப் போய் இடது கை விழுந்துவிட்டது. இப்போது சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.

இந்த நோயைக் கண்டறியும் டியூக் அளவுகோல் 1994-லேயே பிளட் கல்ச்சரையும் எக்கோவையும்தான் முக்கியச் சான்றுகளாக வைத்தது. கதீட்டர் உள்ளவருக்குக் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், முதல் ஊசிக்கு முன் கல்ச்சர் எடுங்கள். மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும்.

கதீட்டருக்குப் பதிலாகத் தம்பியின் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைக்கவேண்டிய ஃபிஸ்டுலாவுக்கு "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றே எட்டு மாதம் ஓடியதையும், கதீட்டர் நேராக ரத்தத்துக்குத் திறந்த வாசல் என்பதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கை கழுவும் முறையைப் படம் படமாக ஒட்டியிருக்கிறீர்கள், அழகாகத்தான் இருக்கிறது. கீழே உள்ள குழாயில்தான் தண்ணீர் வருவதில்லை. சரி, அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நாளை மறுநாள் மறுபடி டயாலிசிஸ். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவள், காய்ச்சல் வெளியே தெரியாமலும் போகலாம். நடுங்கினால் முதலில் கல்ச்சர் எடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
நான்காம் கட்டில் நோயாளியின் அக்கா