சீசன் தொடங்கும் முன், கலைக்கு

சென்னை
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள கலைக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முட்டி வலி அப்படியேதான். தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். சின்னவனுக்குச் சட்டை எடுத்தாயிற்று. மற்ற சேதியெல்லாம் அம்மா எழுதுவாள்.

அங்கே வரும் தடை தாண்டும் பந்தய சீசனுக்கு நீ எழுதிய குதிரைப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியது வந்தது. ஐந்து ஞாயிறாக ஃபோன் இல்லை, இப்போது படம் மட்டும் வருகிறது, கீழே ஒரு வரி கூட இல்லை என்று அம்மாவுக்கு வருத்தம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு குதிரை, கட்டம் போட்டு, வயது, தூரம், தரை என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். கிண்டியில் முப்பது வருஷம் ரேஸ் புக்கும் கையுமாக உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி எழுதத் தெரியாது. பார்க்கப் பெருமையாக இருந்தது. வலது ஓரம் மடிந்திருக்கிறது, கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. போகட்டும். தெரிந்த கட்டங்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில், அக்டோபரை நம்பாதே. செப்ஸ்டோ மைதானத்தில் இந்த மாதம் ஜெயிப்பதில் பாதி கோடை முழுக்க ஓடி, உடம்பு தயாராக இருக்கும் குதிரைகள். பெரிய லாயங்கள் நல்ல குதிரையை மழை இறங்கித் தரை இளகும்வரை வெளியே எடுக்க மாட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் வெதர்பியில் சார்லி ஹால் பந்தயம், நடுவில் உங்கள் செல்ட்னம், கடைசியில் ஹேடாக், நியூபரி. அங்கேதான் சீசன் முகம் காட்டும். அதுவரை எழுது, வேறொன்றும் செய்யாதே.

முதல் ஓட்டத்தில் பார்க்க வேண்டியது எத்தனையாவதாக வந்தது என்பதல்ல. கோடையில் புல்வெளியில் விட்டிருந்த குதிரை வயிறு வைத்திருக்கும். நீ இருக்கும் இடத்திலிருந்து பஸ் ஏறினால் செல்ட்னத்தில் ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக் கம்பியருகே போய் நிற்கலாம், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிகிறதா, சேணத்துக்குப் பின்னால் தொடைச் சதை இறுகிப் பள்ளம் விழுந்திருக்கிறதா, பின்னங்கால் நடுவில் வெள்ளையாக நுரைத்த வியர்வை இருக்கிறதா என்று பார். ஓட்டம் முடிந்து வரும்போது மூக்குத்துவாரம் விரிந்து விலா எக்குகிறதா என்றும் பார். கடைசியிலிருந்து மூன்றாவது தடுப்பு வரை முன்வரிசையோடு வந்து, அங்கிருந்து மூச்சு போய்ப் பின்தங்கிய குதிரைதான் உன் நோட்டில் ஏற வேண்டியது. அடுத்த ஓட்டத்தில் அது வேறு குதிரை.

ரீப்ளேயை இரண்டு தடவை பார். முதல் தடவை பந்தயத்தை. இரண்டாம் தடவை உன் குதிரையை மட்டும், மற்றது கண்ணில் படக்கூடாது. ஒவ்வொரு தடுப்பிலும் எங்கேயிருந்து தாவுகிறது, இறங்கும்போது எத்தனை அடி லாபம், எத்தனை நஷ்டம், இடது பக்கம் சாய்கிறதா வலது பக்கமா. வலது பக்கம் சாயும் குதிரைக்கு இடது சுற்றுப் பாதையான செல்ட்னத்தில் ஒவ்வொரு தாவலிலும் தரை நஷ்டம். அதே குதிரை கெம்ப்டனில் வலது சுற்றில், மேடு பள்ளம் இல்லாத தரையில் ராஜாவாக ஓடும். டெசர்ட் ஆர்க்கிட் கெம்ப்டனில் நாலு தடவை கிங் ஜார்ஜ் பந்தயத்தை ஜெயித்தது. இடது சுற்று அதற்குப் பிடிக்காது, ஆனாலும் 1989இல் சேற்றில் செல்ட்னம் கோல்டு கப்பை எடுத்தது. அப்படி நெஞ்சுரத்தால் மீறுகிற குதிரை எப்போதோ ஒன்றுதான் வரும். உன் பட்டியலில் சுற்றுக்குக் கட்டமே இல்லை. சேர்த்துக்கொள்.

இரண்டாவது குறை. ஹர்டில் பந்தயத்தில் வேகமாக வந்ததையெல்லாம் ஃபென்ஸ் தாண்டும் சேஸுக்கும் எழுதிவிட்டாய். ஹர்டில் மூன்றரை அடி, காலால் தட்டினால் சாயும். தட்டித் தட்டியே ஜெயித்துவிடலாம். ஃபென்ஸ் குறைந்தது நாலரை அடி, சாயாது. அங்கே தட்டினால் ஒன்று விழும், இல்லை வேகம் செத்துவிடும். மஜ்பரோவைப் பார்த்தாயே. 2024இல் ட்ரையம்ஃப் ஹர்டில் ஜெயித்தது. 2025 ஆர்க்கிள் சேஸில் எல்லோரும் அதன் பேரில்தான் இருந்தார்கள், கடைசிக்கு முந்தின ஃபென்ஸில் ஒரு தப்பு, மூன்றாவது இடம். திறமைக்குக் குறைவில்லை, ஆனால் அவசரத்தில் தாவுகிறது. அதை இந்த வருஷம் திருத்திவிட்டார்களா என்று இரண்டு ஓட்டமாவது பார்த்துவிட்டு எழுது.

அந்த ஆர்க்கிளை ஜெயித்த ஜாங்கோ பாயை நீ ஒன்பதாவதாகப் போட்டிருக்கிறாய். நான் என்றால் மேலே ஏற்றுவேன். இரண்டு மைலில் அது வேகத்தால் ஜெயிக்கவில்லை, மற்றது நின்றபோது இது நிற்காததால் ஜெயித்தது. மேட்டில் கடைசி நூறு கஜத்தை மட்டும் போட்டுப் பார். அப்படி முடிக்கும் குதிரைக்கு இரண்டரை, மூன்று மைல் கொடுத்தால் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. தி நியூ லயன் கதை நேர்மாறு. அது ஜெயித்த டர்னர்ஸ் ஹர்டில் இரண்டு மைல் ஐந்து ஃபர்லாங் (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்), அதுவரை தோற்றதே இல்லை. சாம்பியன் ஹர்டிலுக்கு வந்தால் இரண்டு மைலும் அரை ஃபர்லாங்கும்தான். அங்கே முதல் ஹர்டிலிலிருந்தே வேகம் வேண்டும். நியூகாசிலில் ஃபைட்டிங் ஃபிஃப்த் மாதிரி இரண்டு மைல் பந்தயம் ஒன்றில் அதைப் பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வராதே.

கான்ஸ்டிட்யூஷன் ஹில்லை முதல் வரியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். புரிகிறது. 2022இல் சுப்ரீம் ஹர்டிலை 22 லென்த்தில் (ஒரு லென்த் ஒரு குதிரை நீளம்) ஜெயித்த குதிரையைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. 2023 சாம்பியன் ஹர்டிலும் அதற்குத்தான். ஆனால் இந்த மார்ச்சில் அதே பந்தயத்தில் விழுந்தது, அடுத்த மாதமே எயின்ட்ரீயில் மறுபடி விழுந்தது. ஒரு தடவை விழுந்தால் விபத்து, அடுத்தடுத்து விழுந்தால் அது ஒரு செய்தி. களைப்பில் விழுந்ததா, தப்பான தூரத்திலிருந்து தாவி விழுந்ததா என்று பிரித்து எழுது. களைத்து விழுந்த குதிரைக்கு உடம்பைச் சரிசெய்தால் போதும். தூரம் தப்பும் குதிரைக்கு மனசில் கோளாறு, அது லேசில் போகாது. பழைய ஆசையில் சிவப்பு மை போடாதே. அது பழைய குதிரை என்று நினைத்துக்கொண்டு பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், உன்னைச் சொல்லவில்லை.

இந்த மார்ச்சின் அந்த சாம்பியன் ஹர்டிலில் முன்னால் போன ஸ்டேட் மேனும் கடைசி ஹர்டிலில் விழ, கோல்டன் ஏஸ் ஜெயித்தது. உன் கட்டத்தில் வெறும் '1' இருக்கிறது. யார் யார் விழுந்து அந்த ஒன்று வந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டாமா? ஃபெல் என்று இருந்தால் குதிரை விழுந்தது. அன்சீட்டட் என்றால் ஜாக்கி விழுந்தான், பல நேரம் குதிரையின் தப்பு இல்லை. பிராட் டவுன் என்றால் அடுத்தவன் விழுந்து இதைச் சாய்த்தான், அதை அடித்துவிட்டுப் படி. புல்டு அப் என்றால் நிறுத்திவிட்டான். தரை, மூச்சு, மூக்கில் ரத்தம், காரணம் தேடு. முடிவு எண்களின் நடுவில் சின்னக் கோடு போன சீசனைப் பிரிக்கும், சாய்ந்த கோடு ஒரு சீசனே ஓடவில்லை என்று சொல்லும். சாய்ந்த கோடு இருந்தால் தசைநார்க் காயமாக இருக்குமோ என்று சந்தேகப்படு. 2018 ஜனவரியிலிருந்து மூச்சுக்குழாய் அறுவை செய்த குதிரைக்கு கார்டிலேயே குறி போடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஓட்டத்தைக் கட்டாயம் பார்.

உன் பட்டியலின் பெரிய கோளாறு, எல்லாமே போன மார்ச்சில் செல்ட்னம் பந்தயங்களின்போது பேப்பரில் படம் வந்த குதிரைகள். ஊருக்கே தெரிந்த பெயரில் விலை, அதாவது கட்டிய பணத்துக்குக் கிடைக்கும் மடங்கு, பெரிதாக இருக்காது. போனிரோஸை எடுத்துக்கொள். ஹர்டிலில் முதல் ஓட்டமே ட்ரையம்ஃப், ஒன்றுக்கு நூறு விலையில் ஜெயித்தது. அதை யாராலும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது, எழுதினேன் என்பவன் பொய் சொல்கிறான். இந்த வருஷம் அதை எல்லோரும் எழுதுவார்கள். நாலு வயதில் அங்கே ஜெயித்தது ஐந்து வயதில் பெரியவர்களோடு ஓட வேண்டும், வயதுக்கான எடைச் சலுகை போய்விடும். பல குதிரைக்கு அந்த ஒரு வருஷம் வீண். மாறாக, போன வருஷம் புதுக் குதிரைகளுக்கான நாவிஸ் ஹர்டிலில் மூன்றாவது, நான்காவது வந்த, எலும்பு பெருத்த, அயர்லாந்தில் பாயின்ட் டு பாயின்ட் என்ற அமெச்சூர் பந்தயத்தில் மூன்று மைல் தாவிப் பழகிய குதிரைகளை ஐந்தாறு தேடு. திறமைக்கேற்ப எடை ஏற்றும் ஹேண்டிகேப் பந்தயத்தில் அவற்றுக்கு எடை லேசாக இருக்கும். மூன்று மைலில் ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் ஒரு லென்த் என்று கணக்குப் போட்டுக்கொள்.

மாப்பிள்ளை போன வாரம் பேசினார். காரைக் கொடுத்துவிட்டதாகவும் நீ பஸ்ஸில்தான் டியூட்டிக்குப் போகிறாய் என்றும் சொன்னார். நல்லதுதான், நடந்தால் உடம்புக்கு நல்லது. நைட் ஷிஃப்ட்டுக்குக் கம்பளிக் குல்லா போட்டுக்கொள்.

மார்ச் செல்ட்னம் பந்தயங்களுக்கு இப்போதே விலை போட்டிருப்பார்கள். பெரிதாகத் தெரியும். அது ஏன் பெரிது என்று யோசி. இடையில் குதிரைக்குக் கால் வீங்கினால் பணம் திரும்பாது, சொந்தக்காரர் மனம் மாறினாலும் திரும்பாது. ஐநோதவேயுர்திங்கின் என்ற குதிரை கிராண்ட் நேஷனலுக்கு ஃபேவரிட்டாக இருந்தது. கூடுதல் பணம் கட்டி கோல்டு கப்பில் சேர்த்தார்கள், ஜெயித்தது, நேஷனலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் குதிரையைச் சரியாகக் கணித்து, அதை நேஷனலுக்குக் கட்டியவனுக்குப் போன பணம் போனதுதான். கணிப்பு சரி, காசு போச்சு. 'ஓடாவிட்டால் பணம் வாபஸ்' என்று அறிவிக்கும்வரை மார்ச்சைப் பற்றி எழுத மட்டும் செய். எழுது, கட்டாதே. எத்தனை தடவை சொல்கிறேன் என்று உனக்கு எரிச்சலாக இருக்கும்.

உங்கள் நாட்டில் 2020 ஏப்ரலிலிருந்து கிரெடிட் கார்டில் பந்தயம் கட்ட முடியாதாமே. நல்ல சட்டம். கையில் இருப்பதுதான் போகும். கேம்ஸ்டாப் என்று ஒன்றும் இருக்கிறதாம். ஆறு மாதம், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று நாமே பதிந்துகொண்டால் அங்கே லைசன்ஸ் வாங்கிய ஆன்லைன் கம்பெனி எதுவும் நம்மை உள்ளே விடாது. மாம்பலம் வீடு இருந்த காலத்தில் அப்படி ஒன்று இல்லை. சும்மா தெரிந்ததை எழுதினேன்.

1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னபோது பேப்பரை உங்கம்மாவுக்குப் படித்துக் காட்டியவன் நான். அவள் கேட்டுவிட்டு, திறமை குதிரைக்கா உங்களுக்கா என்றாள்.

நீ ஊருக்குப் போகும்போது கேட்டு வாங்கிக்கொண்டாயே, என்னுடைய நீல நோட்டு, அதை எடு. நீ கட்டம் போடும் விதம் அதைப் பார்த்து வந்தது, படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் நானே எண் போட்டிருப்பேன். 42ஐப் பார். அடுத்தது 47. பிறகு 58, அடுத்தது 63. நடுவில் தையலோரம் தாள் கிழிந்த பிசிறு இருக்கும், விரலால் தடவினால் தெரியும். கிழித்தது நான்தான். தோற்ற நாள் எதையும் அதில் வைக்கவில்லை. நீ படித்து வளர்ந்தது ஜெயித்த நாள் மட்டும் இருக்கும் நோட்டு. அப்பா கணக்கில் தப்பாதவர் என்று நீ நினைத்தது அந்த நோட்டை வைத்துத்தான். நானும் நினைக்க விட்டேன். கிழிந்த பக்கத்தின் கணக்கெல்லாம் உங்கம்மாவின் பால் நோட்டில் இருக்கிறது. பால் அரை லிட்டர் குறைத்த தேதி, உன் வேன் கட்டணம் பாக்கி வைத்த மாதம், பெரியப்பாவிடம் வாங்கியது, எல்லாம் அவள் கையெழுத்தில். இரண்டு நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு கணக்கு ஆகும். இதை நீ புறப்பட்ட அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நோட்டைக் கொடுத்தேன், அதிலும் பெருமையாகக் கொடுத்தேன்.

பால் நோட்டை அம்மா தருகிறேன் என்கிறாள். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பையன் பர்மிங்ஹாம் வருகிறான், முறுக்கோடு கொடுத்து அனுப்புகிறேன்.

உங்களூர் சனிக்கிழமை மூன்று மணிப் பந்தயம் குளிர்காலத்தில் எங்களுக்கு ராத்திரி எட்டரை. ஃபோனில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிறு காலை நீ பேசினால் கடைசியிலிருந்து மூன்றாவது தடுப்பில் எது எங்கே இருந்தது என்று பேசலாம். பேசப் பிடிக்காவிட்டால், அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடிக்காமல் இன்னொரு படம் எடுத்து அனுப்பு. அம்மாவுக்குக் காட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா