அபராதம் 50 ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

தெருநாய்கள் பற்றி எவ்வளவோ பேசுகிறோம்; வீட்டிலிருந்து தெருவுக்குத் துரத்தப்படும் நாய்களைப் பற்றிப் பேசுவதில்லை. சென்ற மாதம் எங்கள் தெருமுனையில் ஒரு சைபீரியன் ஹஸ்கி மூச்சிரைத்துக் கிடந்தது. கழுத்தில் பட்டை கழற்றிய தடம். பனிநாட்டு அடர்ரோமத்தோடு மதுரை வெயிலில்!

2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். தெருவில் பிறந்த நாய்க்கு அது சரி. அதற்குப் பிழைக்கத் தெரியும். மெத்தையில் வளர்ந்த ஹஸ்கி எத்தனை நாள் தாங்கும்?

வளர்த்த நாயைப் பட்டினிக்குக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். குட்டியை வாங்கக் கொடுத்ததோ பல ஆயிரம்.

ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலை வெளியிட்ட நாடு இது. நம் வெயிலுக்குப் பழகிய சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என நாட்டு இன நாய்கள் எல்லாம் இருக்கின்றன. (அவற்றையும் அடுக்குமாடி பால்கனியில் கட்டிப்போடாதீர்கள், ஓடப் பிறந்தவை.)

மாநகராட்சிக் காப்பகங்களில் கைவிடப்பட்ட வளர்ப்பு நாய்களுக்குத் தனிப் பிரிவும், தத்துக் கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும். அபராதத்தையும் உயர்த்துங்கள்.

- ஒரு வாசகர், மதுரை