தரிப்பிடக் கட்டணமும் ஒரு சிரட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் பாடசாலை ஆசிரியை. வார இறுதிகளில் ஒரு வளாகத்துக்கு டிப்ளோமா படிக்கப் போகிறாள். போய் வருவது என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில். வளாகத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அடுத்த சனிக்கிழமை வாசலில் அவள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

இந்த வருடம் அங்கே வாகனம் நிறுத்துவதற்குக் கட்டணம் வந்திருக்கிறது. வருடத்துக்கு 2,000 ரூபா. கட்டினால் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இல்லாத வண்டி வாசலோடு சரி. கட்டணம் வாங்குவதே பிழை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 31 வருடம் அரச கந்தோர்களில் சிறாப்பராக, அதாவது காசாளராக, இருந்தவன் நான், காசு வாங்கும் யன்னலுக்கு உள்பக்கம் இருந்து பழகியவன். நிலத்தைத் துப்புரவாக வைத்திருக்கவும் காவலுக்கு ஆள் போடவும் செலவுண்டு என்பது தெரியும். ஆனால் வாங்கிய காசுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்பதும் என் பழைய தொழில்தான்.

ஸ்டிக்கர் வாங்குவதே ஒரு கதை. காசு கட்டும் யன்னல் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். சனி, ஞாயிறு வரும் பிள்ளைகள் எல்லாரும் வேலை செய்கிறவர்கள். மகளுக்கு லீவு எடுக்க முடியாது, அதனால் நான் போய் வரிசையில் நின்றேன். பற்றுச்சீட்டு ஒழுங்காகத் தந்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் எதற்கான பணம் என்ற இடத்தில் 'பல்வகை வருமானம்' என்று இருந்தது. எங்கள் காலத்தில் 'பொது 172' என்ற அரச பற்றுச்சீட்டிலும் இந்தச் சொல்லை எத்தனையோ தரம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பல்வகையில் விழுந்த காசு எந்தக் கூரையாக, எந்தச் சுவராகத் திரும்பி வந்தது என்று பிறகு ஒருவராலும் காட்ட முடியாது.

ஸ்டிக்கரில் ஒரு தொடர் இலக்கமும் இருந்தது: 347. அடுத்த சனிக்கிழமை மகளை இறக்கிவிட்டு, வேலையில்லாதவன்தானே, தரிப்பிடத்தைச் சுற்றி எண்ணிப் பார்த்தேன். கார்களுக்கு வெள்ளைக்கோடு போட்ட இடம் 40. மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கொட்டிலில் நெருக்கி விட்டாலும் 90 நிற்கும். கொட்டில் என்றால் பாதிக்குத்தான் தகரம். 1-இல் தொடங்கித்தான் கொடுத்துவந்தார்கள் என்றால், 130 இடத்துக்கு 347 ஸ்டிக்கர் போயிருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் எட்டரை மணிக்குப் பிறகு போகிறவர் மணலில்தான் விடுகிறார், அவரும் அதே 2,000 ரூபா கட்டியவர்தான்.

மணலில் விட்டால் என்ன நடக்கும் என்று திருகோணமலையில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டாண்ட் மெல்ல மெல்லப் புதையும், கச்சான் காற்று ஒரு தள்ளுத் தள்ளினால் வண்டி சரியும். அது சரிந்தால் பக்கத்து வண்டியும் சேர்ந்து சரியும். அங்குள்ள காவலாளி ஒருவர், நல்ல மனிதர், ஒரு சாக்கில் சிரட்டை சேர்த்து வைத்திருக்கிறார். பிந்தி வருபவர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, "கவிழ்த்து ஸ்டாண்டுக்குக் கீழே வையுங்கோ" என்கிறார். அங்கே நான் கண்ட ஒரே தரிப்பிட வசதி அதுதான், அதற்கும் சிரட்டை அவருடைய வீட்டுச் சிரட்டை.

இன்னொன்று. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே கட்டணமாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்து மோட்டார் சைக்கிளை விடலாம். 2022-இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். பற்றாக்குறையைப் பங்கிடும்போது நாங்கள் காரில் ஐந்தில் ஒன்று, காசு வாங்கும்போது மட்டும் காருக்குச் சமம்!

அமெரிக்காவில் படித்த என் தம்பி மகனிடம் இதைச் சொன்னேன், சிரித்தான். அங்கேயும் பல்கலைக்கழகங்களில் இதே சண்டைதானாம். பெர்க்லியில் நோபல் பரிசு வாங்கிய பேராசிரியருக்குத்தான் தனியாக ஒரு தரிப்பிடம் ஒதுக்குவார்களாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இருந்த டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் ஆயுள் முழுக்க வாகனத் தரிப்பையே ஆராய்ந்தவர். வாகனம் நிறுத்தக் கட்டாயம் காசு வாங்கு என்று சொன்னவர் அவர். ஆனால் நூறில் பதினைந்து இடமாவது எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வை, வாங்கிய காசை அந்தத் தெருவிலேயே, கட்டியவன் கண்ணில் படும்படி செலவழி என்றும் சொன்னாராம். கட்டணத்துக்கு ஆதரவானவர் சொன்னது இது. முதற்பாதியை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தரிப்பிடக் காசுக்குக் கணக்கில் தனித் தலைப்பு ஒன்று போடுங்கள், வருட முடிவில் வரவையும் செலவையும் ஒரு தாளில் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். இதற்கு ஒரு பின்னேரம் போதும், நான் செய்தவன். மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணத்தைக் குறையுங்கள். மாதம் எட்டு நாள் வருகிறவர்களிடம் முழு வருடக் காசு வாங்காமல், வந்த நாளுக்கு ஒரு துண்டு கொடுங்கள், அதையும் சனிக்கிழமை வாசலிலேயே கொடுக்கலாம். மிச்சத் தகரத்தை மாரிக்கு முன் போட்டால் நல்லது. வேலை முடிந்து வருகிறவர்கள் போக, மகாபொலப் புலமைப்பரிசுப் பணத்தில் சாப்பாட்டையும் போட்டோக்கொப்பியையும் சமாளிக்கும் பிள்ளைகளும் கடன்பட்ட மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார்கள். நனைந்த சீற்றைத் துடைத்துக்கொண்டு அவர்கள் நிற்பதைப் போன மாரியில் பார்த்தேன்.

ஜனவரியில் ஸ்டிக்கரைப் புதுப்பிக்க வேண்டுமாம். அப்போதும் வரிசையில் நான்தான் நிற்பேன். பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுத்தான் யன்னலை விட்டு நகருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறாப்பர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.