"கழுவினால் போய்விடும்" என்று இனிச் சொல்லாதீர்கள்: கலர் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலர் கிண்ணமும் பிரஷ்ஷுமாக நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் என் சக கலைஞர்களுக்கும், புதியவர்களுக்குக் கலர் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

டெமி பெர்மனென்ட் கலரைப் பற்றித்தான், அதாவது நிரந்தரமாக நிற்காமல் மெல்ல மங்கும் வகையைப் பற்றித்தான், எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் "முடி கெட்டுப்போகுமா?" என்று தயங்கும்போது நம் வாயில் சட்டென்று ஒரு பதில் வரும்: "பயப்படாதீங்க, இது டெமிதான். அமோனியா கிடையாது, ஒண்ணும் பண்ணாது, கழுவக் கழுவப் போயிடும்." முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் ஒருவர் தன் தலையை நம்மிடம் ஒப்படைக்கிறார். இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

நானும் சொன்னவள்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண் வந்தாள். நடுமுடியிலிருந்து நுனிவரை பிளீச் செய்த முடி. கொஞ்ச நாளைக்கு மட்டும் கருமையான பிரவுன் வேண்டும், பிறகு பழையபடி வெளிர் நிறத்துக்கே போய்விடுவேன் என்றாள். டெமியில் லெவல் 4 எடுத்தேன் (லெவல் எண் குறையக் குறைய நிறம் கருமை). வேரிலிருந்து நுனிவரை ஒரே கலவை, 20 நிமிடம். "இருபத்தெட்டு வாஷ்ல போயிடும்" என்று வாக்கும் கொடுத்தேன். ஈரத்துண்டால் ஒரு கற்றையைத் துடைத்துப் பார்த்தபோதே நுனி மை தோய்த்தது போல் இருந்தது. மூன்று மாதம் கழித்து வந்தாள். பிளீச் படாத மேல்பகுதியில் கலர் மங்கியிருந்தது. நுனியில் அழுக்குப் பச்சை ஓடிய ஒரு கருமை அப்படியே நின்றது. அதை எடுக்கப் போய் நுனிமுடி ரப்பர்போல் இழுபட்டு அறுந்தது. அவள் சத்தம் போடவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா, போயிடும்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள்.

ஏன் போகவில்லை? டெமி என்பது முடியின் மேல் பூசும் சாயம் அல்ல. டெவலப்பரே (கலரோடு கலக்கும் பெராக்சைடு) இல்லாத செமி பெர்மனென்ட்டில் சாயம் நிறத்தோடுதான் வரும். முடியின் மேலடுக்கிலும் அதன் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு சில வாஷ்களில் இறங்கிவிடும். டெமி அந்தக் குடும்பம் அல்ல. கிண்ணத்தில் கலக்கிய கிரீம் முதலில் வெளிறி இருந்து, நீங்கள் பகுதி பிரித்து முடிப்பதற்குள் ஓரத்தில் கருத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஆக்ஸிடேஷன். நிறமே இல்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகள் க்யூட்டிகிளை, அதாவது முடியின் மேலடுக்கை, தாண்டி உள்ளே நுழைகின்றன. பெராக்சைடு பட்டதும் அங்கேயே ஒன்றோடொன்று பிணைந்து பெரிய நிற மூலக்கூறுகளாகின்றன. பெர்மனென்ட் கலரிலும் இதே வேலைதான் நடக்கிறது. வித்தியாசம் அளவில்தான். பெர்மனென்ட்டில் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம், அதாவது 20 வால்யூம், அல்லது அதற்கு மேல். டெமியில் ஏறத்தாழ 1.5 முதல் 4 சதவீதம். காரத்தன்மையும் குறைவு. அதனால் க்யூட்டிகிள் அவ்வளவு திறப்பதில்லை, நிறமும் அவ்வளவு ஆழத்தில் சிக்குவதில்லை. ஆரோக்கியமான முடியில் 20 முதல் 28 வாஷ் வரை மெல்ல மெல்ல மங்கும் என்பது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் அந்த எண்ணிக்கை ஆரோக்கியமான முடிக்கு உரியது. பிளீச் செய்த முடியில் க்யூட்டிகிள் ஏற்கெனவே தேய்ந்து, கார்ட்டெக்ஸ் (முடியின் உட்பகுதி) ஓட்டையும் பொத்தலுமாக இருக்கும். அது கலரைக் குடிக்கும். குடித்த நிறத்தில் ஒரு பகுதி சீக்கிரமே வெளியேறும், இன்னொரு பகுதி திட்டுத்திட்டாக நின்றுவிடும். கருமையான ஷேடாக இருந்தால் நின்றது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். அன்று நான் செய்திருக்க வேண்டியது வேறு. நுனிக்கு ஒரு லெவலாவது வெளிர்ந்த ஷேடை எடுத்திருக்க வேண்டும். பிளீச்சில் போய்விட்ட தங்கத்தையும் செம்பையும் முதலில் உள்ளே நிரப்பிவிட்டு, அதன்மேல் பிரவுனைப் போட்டிருக்க வேண்டும். அந்தச் சூடான நிறம் அடியில் இல்லாததால்தான் பச்சை எட்டிப்பார்த்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பின்கழுத்துப் பக்கம் ஒரு கற்றையில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வெறும் 20 நிமிட வேலை.

அடுத்து அமோனியா. அமோனியா இல்லையென்றால் காரத்தன்மையே இல்லை என்று நம்மில் பலரே நம்புகிறோம். பெரும்பாலான டெமிகளில் அமோனியாவின் இடத்தில் மோனோஎத்தனாலமைன் என்ற வேறொரு காரப்பொருள் இருக்கிறது. மூக்கில் ஏறாது, ஏனென்றால் அது எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாதது முடியிலேயே தங்கும். அதனால்தான் டெமியை அலசும்போது தண்ணீர் தெளியும்வரை, அதன் பிறகும் கொஞ்சம் பொறுமையாக அலச வேண்டும். முடியின் இயல்பான பிஎச் (அமில-கார அளவு) ஏறக்குறைய 4.5 முதல் 5.5. காரத்தன்மை உள்ள டெமி அதைவிட வெகுவாக மேலே நிற்கும். அமில டெமி 7-க்குக் கீழே நிற்கும். இரண்டையும் நாம் "டெமி" என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

கலரே படாத இயற்கை முடியில் கார டெமியை 4 சதவீத டெவலப்பரோடு மாதாமாதம் வேரிலிருந்து நுனிவரை போட்டுக்கொண்டே வாருங்கள். முதல் தடவை ஒன்றும் தெரியாது, கலர் அதை மறைத்துவிடும். ஆறாவது ஏழாவது தடவையில், கலர் மங்கிய ஒரு நாள் ஜன்னல் வெளிச்சத்தில் முடியை விரித்துப் பாருங்கள். அடியிலிருந்து ஒரு செம்பு மினுமினுக்கும். தலைச்சூட்டில் வேருக்குப் பக்கத்தில் அது வளையம் கட்டினாற்போலத் தெரியும். மெலனின், அதாவது முடியின் இயற்கை நிறப்பொருள், துளித்துளியாக வெளுத்திருக்கிறது. "இயற்கை நிறத்தை மாற்றவே மாற்றாது" என்று வாக்குக் கொடுத்தவர் அப்போது என்ன பதில் சொல்வார்? இயற்கை நிறம் மாறவே கூடாது என்றால் அமில டெமியை எடுங்கள். அல்லது மிகக் குறைந்த டெவலப்பரை எடுத்து, புதிதாக வளர்ந்த இடத்தில் மட்டும் போடுங்கள். நுனிக்குக் கடைசி சில நிமிடம் போதும்.

பழித்துக்கொண்டே போகிறேன் என்று நினைக்காதீர்கள். கடையில் நான் அதிகமாகக் கையில் எடுப்பதே டெமிதான். ஐம்பது சதவீதத்துக்குள் நரை இருப்பவருக்கு இதைவிட அழகான வழி இல்லை. நிறம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதால் நரை மறையாமல் மென்மையான ஹைலைட்போலக் கலந்துவிடும். முடி வளரும்போது வெள்ளைக்கோடு விழாது. அதற்கும் மேல் நரைத்த, கலர் பிடிக்க அடம்பிடிக்கும் முடியை முழுதாக மூடித் தருகிறேன் என்று டெமியை வைத்துச் சொல்லாதீர்கள். பிளீச்சுக்குப் பிறகு டோன் செய்வதற்கும், அதாவது மிஞ்சிய மஞ்சளையோ ஆரஞ்சையோ அடக்குவதற்கும், டெமியே கைகொடுக்கும்: வெளிர் மஞ்சளுக்கு ஊதா, ஆரஞ்சுக்கு நீலம். முடி ஆரஞ்சில் நிற்கும்போது ஊதா டோனரைப் போட்டுவிட்டுக் கலரைக் குறை சொல்வதைத் தினமும் பார்க்கிறேன். இன்னொன்று: ஏற்கெனவே கலர் போட்ட முடியை டெமி வெளுக்காது. கருத்துப்போன முடியை வெளிராக்க வந்தவருக்கு டெமியில் விடை இல்லை. அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி "ஒண்ணும் பண்ணாது" என்பதற்கு வருகிறேன். எனக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான். டெமியின் உள்ளே இருப்பவை பெர்மனென்ட்டில் இருக்கும் அதே வகை மூலப்பொருட்கள்: பாரா-ஃபினிலீன்டைஅமைன், சுருக்கமாகப் பிபிடி, அல்லது அதன் நெருங்கிய உறவான டொலுயீன்-2,5-டைஅமைன். அமோனியா இல்லை என்பதற்கும் ஒவ்வாமைக்கும் சம்பந்தமே கிடையாது. தோல் ஒவ்வாமை நிபுணர்களின் அமெரிக்கச் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகப் பிபிடியைத்தான் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், தலையில் படும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இத்தகைய கலர் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு உரியதல்ல என்று பெட்டியிலேயே எழுதவும் சொல்கிறது. டெமிக்கு இதில் விலக்கு இல்லை.

"போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். இந்த ஒவ்வாமை வருகிற விதமே அப்படித்தான். பலமுறை பட்டும் பேசாமல் இருந்த உடல், ஒருநாள் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு ஆயுளுக்கும் மறக்காது. கறுப்பு மருதாணி என்ற பெயரில் தோலில் டாட்டூ போட்டுக்கொண்டவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அதில் பிபிடி கலந்திருப்பது உண்டு. இதைக் கேட்காமல் கிண்ணத்தைத் தொடாதீர்கள். கம்பெனி சொல்லும் முறைப்படி 48 மணி நேரத்துக்கு முன்பே பேட்ச் டெஸ்ட் (தோலில் கொஞ்சம் தடவிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) போடுங்கள், நேரமில்லை என்று அவரே வற்புறுத்தினாலும். கலர் போட்ட பிறகு நெற்றியோரம், காது, கண்ணிமை வீங்கினால் அது "சூடு" அல்ல. மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய விஷயம். மூச்சுத் திணறினால் அவசர சிகிச்சைக்கு உடனே.

உங்கள் கையையும் பாருங்கள். டோனரை அலசும்போது கையுறையைக் கழற்றிவிடுகிறோம், "டெமிதானே" என்று. விரலிடுக்கில் வெடித்து, அரித்து, கடைசியில் கலரையே தொட முடியாமல் தொழிலை விட்டவர்களை நான் அறிவேன்.

இனி நாற்காலியில் இருப்பவரிடம் என்ன சொல்வது? நான் இப்போது இப்படிச் சொல்கிறேன்: "இது மெல்ல மங்கும். உங்க முடிக்கு முழுசா போகுமான்னு ஒரு கற்றையில போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன். ரெண்டு நாள் முன்னாடி ஒரு டெஸ்ட் வேணும்." சிலர் எழுந்து போய்விடுகிறார்கள், உண்மைதான். பெரும்பாலானவர்கள் இரண்டு நாள் கழித்து வருகிறார்கள்.

பயிற்சியாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஷேடு சார்ட்டை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், மாணவர்கள் கையில் நான்கு முடித்துண்டுகளைக் கொடுங்கள்: நரைத்தது, கலர் படாத கருமுடி, ஒருமுறை பிளீச் செய்தது, இரண்டுமுறை செய்தது. நான்கிலும் ஒரே டெமி, ஒரே நேரம். பிறகு 25 முறை ஷாம்பூ போட்டு அலசச் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எவ்வளவு மங்கியது, எதில் என்ன நின்றது என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் பிடிக்கும். முடித்துண்டுகள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், வெட்டிய முடியைச் சேர்த்துக் கட்டி நானே தயார் செய்து தருகிறேன்.

அன்புடன்,
உங்களோடு கிண்ணம் பிடிக்கும் ஒருத்தி