அந்த 211 பந்துகள்: விளையாட்டுப் பத்தி எழுத்தாளர் ஒருவருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்திய டெஸ்ட் மட்டையாளர் சேதேஷ்வர் புஜாரா ஓய்வு பெற்றதையொட்டி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பாராட்டில்தான் தொடங்கியிருந்தீர்கள். மூன்றாவது பத்திக்குள் கத்தியை எடுத்துவிட்டீர்கள். டெஸ்ட் போட்டிகளில் அவருடைய ஸ்ட்ரைக் ரேட் (நூறு பந்துகளுக்கு எடுத்த ரன்கள்) 44 சொச்சம், அதனால் எதிர்முனையில் நின்றவர்கள் மீது சுமை ஏறியது, இந்த வகை ஆட்டத்துக்கு இனி இடமில்லை என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். போதாததற்கு, இதை ஒப்புக்கொள்ளாத ரசிகர்கள் பழைய நினைவில் கண்கலங்குகிறவர்கள் என்று ஒரு குத்து வேறு.

நான் கண்கலங்கவில்லை. உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2018-19 ஆஸ்திரேலியத் தொடரில் புஜாரா எடுத்த 521 ரன்களையும் மூன்று சதங்களையும் நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். அதற்காக அவர் சந்தித்த 1,258 பந்துகளை ஏன் விட்டுவிட்டீர்கள்? அது ஏறக்குறைய 210 ஓவர்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க், ஹேசில்வுட், கம்மின்ஸ், லயன் ஆகிய நால்வரும் பெரும்பாலும் தங்களுக்குள் பகிர்ந்து வீசிய ஓவர்கள். மூன்று வேகப்பந்து வீச்சாளர்களை வைத்துக்கொண்டு தொடர் முழுவதையும் ஓட்டும் அணிக்கு, விக்கெட் கிடைக்காத ஒவ்வொரு ஓவரும் அவர்களுடைய கால்களில் ஏறும் கடன். ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியா டெஸ்ட் தொடரை முதன்முறையாக வென்றது அந்தப் பயணத்தில்தான்.

அடுத்த பயணத்துக்கு வருவோம். 2021 ஜனவரியில் சிட்னியில் நடந்த டெஸ்ட்டின் கடைசி இன்னிங்ஸில் இந்தியா 131 ஓவர்கள் ஆடித் தோல்வியைத் தவிர்த்தது. அதில் புஜாரா 205 பந்துகளில் 77 ரன்கள் எடுத்தார். தசைப்பிடிப்போடு விஹாரியும் முதுகுவலியோடு அஷ்வினும் நின்றதை எல்லோரும் எழுதினோம், சரி. அந்த ஆட்டம் முடிந்து மூன்று நாள் இடைவெளிதான். அதே நான்கு பந்துவீச்சாளர்கள் பிரிஸ்பேனில் மறுபடியும் ஓடி வந்தார்கள்.

பிரிஸ்பேனின் கப்பா மைதானத்தில் நடந்த அந்த டெஸ்ட்டின் கடைசி நாளை நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: ரிஷப் பந்தின் துணிச்சல். நானும் ரிஷப் பந்தின் ரசிகன்தான், ஆட்டமிழக்காமல் அவர் எடுத்த 89 ரன்களில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன். கில்லின் 91 ரன்களும் அப்படியே. ஆனால் அந்த நாளில் ஹேசில்வுட் வீசிய ஒரு பந்து விரலில் பட்டு, புஜாரா மட்டையை எறிந்துவிட்டுத் தரையில் சாய்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுந்தார், கையுறையை மாட்டினார், மறுபடியும் அதே இடத்தில் நின்றார். தோளிலும் விலாவிலும் ஹெல்மெட்டிலும் அடி வாங்கினார். 211 பந்துகளில் 56 ரன்கள். 80 ஓவர்கள் முடிந்து இரண்டாவது புதிய பந்து வந்த பிறகுதான் கம்மின்ஸ் அவரை எல்பிடபிள்யூ செய்ய முடிந்தது. அப்போது இலக்கு 328, எடுத்திருந்தது 228. மிச்சமிருந்த 100 ரன்களைக் களைத்துப்போன பந்துவீச்சுக்கு எதிராக இந்தியா எடுத்தது. அதுவரை ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் 1988க்குப் பிறகு டெஸ்ட்டில் தோற்றதே இல்லை.

அந்த 80 ஓவர்களில் எத்தனையை புஜாரா தின்றார் என்று கணக்கிட்டுப் பார்த்தீர்களா? 35க்கும் மேல். சுமை யார் மீது ஏறியது, யார் மீதிருந்து இறங்கியது என்பதை அதற்குப் பிறகு எழுதியிருக்கலாம்.

உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதே சிட்னி டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் 176 பந்துகளில் 50 ரன்கள் என்பது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. சவுதாம்ப்டனில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியின் முதல் இன்னிங்ஸில் 54 பந்துகளில் 8 ரன்கள் எடுத்ததற்கு நான் எந்தச் சமாதானமும் வைத்திருக்கவில்லை. அவற்றை வைத்து நீங்கள் அடித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நீங்களோ அவர் வென்று கொடுத்த ஆட்டங்களையும் சேர்த்து ஒரே சதவீதத்தில் கரைத்துவிட்டீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஸ்ட்ரைக் ரேட்டைக் குறிப்பிடும்போது, பக்கத்திலேயே சந்தித்த பந்துகளின் எண்ணிக்கையையும் போடுங்கள். ஸ்கோர் அட்டையில் அது அடுத்த கட்டத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் ஒரு ரசிகன்