ரீகால் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குத்தான் போகும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு பாகத்தில் குறை இருப்பதாகக் கண்டு கார் நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்தால் (இதுதான் ரீகால்), தன் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்கும் போன் நம்பருக்கும்தான் தகவல் அனுப்பும். ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் ஓடும் கார்களில் எத்தனையோ சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கைமாறி வந்தவை. பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே ஓட்டுபவர்களும் உண்டு. இந்த வண்டிகளுக்கான ரீகால் தகவல் இன்றைய ஓனருக்கு வந்து சேர வழியே இல்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் துருவேறிய வண்டியில் பாடியில் பொறித்த எண்ணைச் சரியாக வாசிக்க முடியாது. மொத்தம் 17 இலக்கம். ஆங்கில ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் அதில் வராது என்பதால், ஓ போலத் தெரிவது பூஜ்யம், ஐ போலத் தெரிவது ஒன்று. அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்று கேளுங்கள். மாடலும் ஆண்டும் மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாதத்தில் தயாரான இரண்டு கார்களில் ஒன்றில் மட்டும் குறையுள்ள பாகம் இருக்கலாம்.

நம் கடற்கரைக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது ஏர்பேக். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த இன்ஃப்ளேட்டர்களில், அதாவது ஏர்பேக் பையை ஊதவைக்கும் உலோகக் குப்பிகளில், அம்மோனியம் நைட்ரேட் மருந்து வைத்திருந்தார்கள். ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத வகைகளில், ஆண்டுக்கணக்கில் வெக்கையும் ஈரக்காற்றும் பட்டு அந்த மருந்து சிதைந்துவிடுகிறது. மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே வெடிக்க வைக்கிறது. துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. இந்தியாவில் ஹோண்டா சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்ட், டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் ஆகியவற்றின் பழைய மாடல்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். மருந்து சிதைந்ததை அந்த விளக்கு காட்டாது. வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டு வாசலில் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் கார்களுக்கும் இதே ஆபத்து உண்டு. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது இதில் கணக்கே இல்லை. வெளிக்கடையில் கழற்றவும் கூடாது, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஏர்பேக்கை வாங்கி மாட்டவும் கூடாது. அதுவே திரும்ப அழைக்கப்பட்ட உருப்படியாக இருக்கலாம்.

ரீகால் வேலைக்குப் பாகமும் கூலியும் இலவசம். வாரண்டி முடிந்திருந்தாலும், இதுவரை வெளியே சர்வீஸ் செய்திருந்தாலும் அப்படித்தான். சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் கார்டில் (வேலை விவரச் சீட்டு) ரீகால் வேலை என்று எழுதச் சொல்லி நகலைப் பத்திரப்படுத்துங்கள். வண்டியை விற்கும்போது அது கை கொடுக்கும். பாகம் கையிருப்பில் இல்லை என்றால், எப்போது வரும் என்று எழுதி வாங்குங்கள். அதுவரை இடது முன் ஏர்பேக்கில் குறை என்றால் அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். தீப்பிடிக்கும் குறை என்றால் வண்டியை ஓலைக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் தள்ளி நிறுத்துங்கள். பிரேக், ஸ்டீயரிங் என்றால் ஓட்டலாமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்காமல் எடுக்கவே கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின் கீழான ரீகால் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அரசு உத்தரவிட்டுத் திரும்ப அழைக்க வைத்தால் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் இது 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். நிறுவனங்கள் தாமாக அறிவிக்கும் ரீகாலில் அதைவிடப் பழைய வண்டிகளும் வரும். குறை தென்பட்டால் மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாஹனின் வாகன் தளத்தில் புகார் பதியுங்கள். புகார்களின் எண்ணிக்கையையும் பார்த்து அரசு விசாரிக்கும். சர்வீஸ் சென்டர் பணம் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பெயர் மாற்றத்துக்கு வரும் ஒவ்வொரு காரின் சேசிஸ் நம்பரையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பார்த்து, ரீகால் நிலுவை இருந்தால் புதிய ஓனரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள்,
கீழக்கரை