கிளிக்குக்குக் காசு கட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பக்கத்தில் வெப்சைட் போட்டு விற்க ஆரம்பித்திருக்கும் சிறு வியாபாரிகளுக்காக இதை எழுதுகிறேன், முடிந்தால் சுருக்காமல் போடுங்கள். எங்களுக்குப் பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதும், தோப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று கொட்டை வாங்கி உடைத்துப் பருப்பாக விற்கத் தொடங்கினோம். போன வருஷம் வெப்சைட்டும் போட்டாயிற்று, ஆனால் ஆர்டர் வரவில்லை. அப்புறம்தான் கூகுள் விளம்பரத்துக்குப் போனோம்.

கூகுளில் ஒருவர் தேடும்போது வரும் அந்த விளம்பரம் கண்ணில் படுவதற்குக் காசு கிடையாது, யாராவது அதைத் தொட்டு நம் வெப்சைட்டுக்குள் வந்தால்தான் காசு. ஒவ்வொரு தேடலுக்கும், ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தருவோம் என்று விளம்பரம் கொடுப்பவர்களுக்குள் ஒரு ஏலம் நடக்கிறது. அதிகம் கேட்டவருக்கே முதல் இடம் என்றும் இல்லை, தேடிய வார்த்தைக்கு விளம்பரமும் அது போய்ச் சேரும் பக்கமும் பொருந்தினால் குறைந்த ஏலத் தொகையிலும் மேலே வரலாம்.

முதலில் இதை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம், மாதம் 15,000 ரூபாய். இரண்டு மாதத்தில் கிளிக் நிறைய, ஆர்டர் மூன்று. கணக்கை அவர்கள் பெயரிலேயே திறந்திருந்ததால் யார் என்ன தேடி வந்தார்கள் என்பதைக் கடைசி வரை எங்களால் பார்க்க முடியவில்லை, விலகியபோது அந்த விவரமெல்லாம் அவர்களிடமே தங்கிவிட்டது. தயவுசெய்து கணக்கை உங்கள் சொந்த மெயிலில் திறங்கள். வேலை பார்ப்பவருக்கு அனுமதி மட்டும் கொடுத்தால் போதும், வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

பிறகு நானும் அண்ணன் மகளும் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று புதுக் கணக்கு திறந்தோம். ஒரு வாரம் கழித்து, வந்தவர்கள் என்ன தட்டித் தேடினார்கள் என்று காட்டும் 'சர்ச் டெர்ம்ஸ்' பகுதியைப் பார்த்தபோதுதான் விஷயமே புரிந்தது. எந்த வார்த்தையைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்ற இடத்தில் 'முந்திரி' என்று பொதுவாகப் போட்டிருந்தோம், வந்தவர்களில் பாதிப்பேர் பருப்பு வாங்க வந்தவர்களே இல்லை. முந்திரிக்கொத்து செய்வது எப்படி என்று கேட்டவர்கள், இன்றைய கொட்டை விலை பார்க்க வந்த விவசாயிகள், உடைக்கும் மெஷின் தேடியவர்கள், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் விஆர்ஐ 3 ரகக் கன்று எங்கே கிடைக்கும் என்று தேடியவர்கள், இவர்கள் எல்லோருக்கும் நாங்கள் காசு கட்டியிருக்கிறோம். கன்று, மெஷின், செய்முறை, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்டில், அதாவது இந்த வார்த்தைகளுக்கு விளம்பரம் காட்ட வேண்டாம் என்ற பட்டியலில், போட்டதும் அந்தக் கிளிக்குகள் நின்றன. 'டபிள்யூ 320 ஒரு கிலோ' என்று தட்டுகிறவர் வேறு ஆள். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 320 பருப்பு நிற்கும் தரம் அது, அதைத் தெரிந்து தேடுகிறவர் ஸ்வீட் ஸ்டால்காரராகவோ பேக்கரிக்காரராகவோ இருப்பார், அவருக்குத் தனி விளம்பரம், தனிப் பக்கம். இந்த வித்தியாசம் முந்திரி உடைக்கிற எனக்குத் தெரியும், எங்கோ உட்கார்ந்து நூறு கணக்கு பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் சொல்கிறேன், வார்த்தைகளை மட்டும் யாரிடமும் விடாதீர்கள்.

விளம்பரம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற அமைப்பையும் கவனியுங்கள். கடலூர் என்று குறித்தாலும், தானாக இருக்கும் அமைப்பில் கடலூரில் இருப்பவர்களோடு கடலூரைப் பற்றித் தேடும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் போகும். புதுச்சேரியில் ரூம் வாடகைக்கு விடுபவருக்கு அது நல்லது, பெங்களூரில் இருந்து தேடுபவர்தானே அவருடைய வாடிக்கையாளர். திருப்பாதிரிப்புலியூரில் ஏசி ரிப்பேர் செய்பவர் 'அந்த ஊரில் இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றியே ஆக வேண்டும். மற்ற வெப்சைட்டுகளிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க் டிக்கையும் ஆரம்பத்தில் எடுத்துவிடுங்கள், தேடாதவர்களுக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

200 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாள் 400 வரை போகக்கூடும், பயப்படாதீர்கள், மாதத்துக்கு 30.4 மடங்கு, அதாவது 6,080 ரூபாயைத் தாண்டாது. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. எங்களுக்கு ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருவதால் வெப்சைட்டில் அந்தப் பட்டனை அழுத்துவதையும் எண்ணும்படி வைத்தோம், இல்லாவிட்டால் எந்த வார்த்தை விற்றது என்றே தெரியாது.

தமிழில் விளம்பரம் எழுத 2018 முதலே கூகுளில் வழி இருக்கிறது. இதையெல்லாம் தமிழில் உட்கார வைத்துச் சொல்லித்தர மட்டும் இங்கே ஆள் இல்லை. மாவட்டத் தொழில் மையம் தன் பயிற்சிகளில் ஒரு நாளை இதற்கு ஒதுக்க வேண்டும், உங்கள் வணிகப் பக்கத்திலும் வாரம் கால் பக்கம் கொடுங்கள். எங்கள் கணக்கின் அந்த முதல் வார விவரத்தை அப்படியே தருகிறேன், அச்சிட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முந்திரி வியாபாரி ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்-1